ஷின்ஜுகு வீதியில் கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோ மாநகரிலுள்ள ஷின்ஜுகு இரயில் நிலையம், உலகிலேயே மிகுதியான பயணிகள் வந்து செல்லும் நிலையம் என்னும் பெயர் பெற்றது. 2017-ஆம் ஆண்டில் நாளொன்றுக்குச் சராசரியாக 35 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதன் வழியே சென்றனர் என்பது கணக்கு. இத்துணைப் பெருங்கூட்டத்திலும் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல், உரக்கப் பேசாமல், அவரவர் வழியே விரைந்து செல்வது அந்நாட்டு மக்களின் பழக்கம். முன்பின் அறியாத ஒருவரை வழியில் நிறுத்திப் பேசுவது அங்கே அரிது. ஆகையால், மாலை மங்கும் வேளையில் கிழக்கு வாயில் வழியே வெளியே வந்து வடக்கு நோக்கி நடப்பவரின் கண்ணில் ஒரு காட்சி தனியே படும்.

சிக்னல் விளக்கருகே, நடப்போரின் வேகம் தானாகவே குறையும் இடத்தில், நன்கு உடுத்திய இளைஞன் ஒருவன் நிற்கிறான். முடி திருத்தமாகச் சீவப்பட்டிருக்கிறது. கையில் கைப்பேசி. தனியே வரும் இளம்பெண் ஒருத்தியைக் கண்டதும் அவன் நகர்கிறான். எதிரே சென்று வழிமறிப்பதில்லை. பக்கவாட்டில் சேர்ந்து, அவளது நடைக்குத் தன் நடையை ஒத்துக்கொண்டு, பத்து இருபது அடி தூரம் உடன் செல்கிறான். அவள் முகங்கொடாமல் போனால் சிறிதும் வருந்தாமல் பழைய இடத்திற்கே திரும்புகிறான். அடுத்த பெண் வருகிறாள். மீண்டும் அதே நடை, அதே புன்னகை.

அவன் வழி கேட்பவனல்லன், விளம்பரத்தாள் கொடுப்பவனுமல்லன். இரவுநேரக் கேளிக்கைக் கடைகளுக்குப் பெண்களைச் சேர்த்துவிடும் ஆள்பிடிப்பவன். ஜப்பானியர் ஆங்கிலச் சொல்லைக் கடன்வாங்கி அவனை ‘ஸ்கௌட்டோ’ என்பர். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் சேரும் சாரணர் இயக்கத்திற்கும் இதற்கும் பெயரைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

கபுகிச்சோ என்னும் பேட்டை

யாசுகுனி பெருஞ்சாலையைக் கடந்தால் சிவந்த விளக்குகளாலான வளைவு ஒன்று தென்படும். அதற்கு அப்பால் இருப்பது கபுகிச்சோ. 1945-ஆம் ஆண்டு விமானக் குண்டுவீச்சில் எரிந்து சாம்பலான குடியிருப்புப் பகுதி அது. போர் முடிந்ததும் அவ்வூர்த் தலைவர் சுசுகி கிஹெய் என்பார், குடும்பங்கள் மனமகிழ்ந்து கூடும் கலைநகராக அதனை மீண்டும் எழுப்ப விழைந்தார். ‘கபுகி’ என்னும் மரபு நாடகத்திற்கு அங்கே ஓர் அரங்கம் கட்டத் திட்டமிட்டனர். 1948-இல் பேட்டைக்கு அப்பெயரையே சூட்டினர். அரங்கமோ கட்டப்படவே இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று அங்கே மதுக்கூடங்களும், பெண்கள் ஆடவருடன் அமர்ந்து மது பரிமாறும் கடைகளும், ஆடவர் பெண்களை உபசரிக்கும் ‘ஹோஸ்ட் கிளப்’ எனும் விடுதிகள் சுமார் 300-உம், உடலையே விலைபேசும் கடைகளும் அடுக்கடுக்காக நிற்கின்றன. உணவுக்கும் திரைப்படத்திற்கும் வந்துபோகும் சாதாரண மக்களும் அதே வீதிகளில் நடக்கிறார்கள். கடைக்கு அழைக்கும் தரகரைப் பின்தொடர வேண்டாம் என்று ஒலிபெருக்கிகள் ஓயாது எச்சரிக்கின்றன.

இத்தனை கடைகளுக்கும் நாள்தோறும் புதுமுகங்கள் வேண்டும். அந்தத் தேவையிலிருந்துதான் அந்த இளைஞனின் தொழில் பிறக்கிறது.

கேள்விகளும் அவற்றின் உட்பொருளும்

அவனுடைய முதற்சொல் பெரும்பாலும் ஒரு நல்வார்த்தை. “அக்கா, வேலை முடிந்து களைத்து வருகிறீர்களா?” என்பான். முன்பின் தெரியாத இளம்பெண்ணை ‘அக்கா’ என்று அழைப்பது அவ்வூர்க் கடைவீதி வழக்கம். பதில் சொல்ல எவ்விதத் தயக்கமும் தேவைப்படாத கேள்வி இது. அவள் தலையசைத்துவிட்டால் அடுத்த கேள்விக்கு வழி பிறந்துவிட்டது. நூறு பேரிடம் பேசிச் சிலரை நிற்கவைத்தால் போதும் என்பது அவன் கணக்கு. அவன் யாரைத் தேடுகிறான் என்பதும் தற்செயலானதன்று. பெட்டியை இழுத்துக்கொண்டு திகைத்து நிற்பவள், போக்கிடம் இல்லாதவள்போல் மெல்ல நடப்பவள், ஒரே வீதியை இருமுறை சுற்றுபவள் ஆகியோரை அவன் கண் விரைவில் கண்டுகொள்ளும்.

அவள் நின்றபின் கேட்கப்படும் கேள்விகளைத் தனித்தனியே எடுத்து நோக்கினால் ஒன்றிலும் தீங்கு தெரியாது. ஆனால் ஒவ்வொன்றும் ஓர் அளவுகோல்.

“வயது என்ன? படிக்கிறீர்களா?” பதினெட்டு நிரம்பாதவரை இக்கடைகளில் வேலைக்கு அமர்த்துவதைச் சட்டம் தடுக்கிறது. ஆகவே அவளை எங்கே சேர்க்கலாம், சேர்த்தால் எவருக்கு ஆபத்து என்பதை இக்கேள்வி அளக்கிறது. ஜப்பானில் 2022 ஏப்ரல் வரை இருபது வயதே சட்டப்படி பராய வயது. அதுவரை பதினெட்டு, பத்தொன்பது வயதினர் பெற்றோர் சம்மதமின்றிச் செய்த ஒப்பந்தத்தைப் பின்னர் தள்ளிவிட முடிந்தது. பராய வயது பதினெட்டாகக் குறைக்கப்பட்ட பின் அந்தப் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லாமற்போயிற்று.

“எங்கே தங்கியிருக்கிறீர்கள்? தனியாகவா?” அவள் இரவு வீடு திரும்பாவிட்டால் தேடுவார் உண்டா என்பதை இது அளக்கிறது. தங்க இடமில்லை என்று அவள் கூறினால், கடைக்கே உரிய தங்குமிடம் ஒன்றை அவன் உடனே ஏற்பாடு செய்வான். அன்றிரவே வேலையும் உறைவிடமும் ஒரே கையில் அடங்கிவிடுகின்றன. பின்னர் வேலையை விட நினைத்தால் உறைவிடத்தையும் சேர்த்தே இழக்க நேரும்.

“இப்போது என்ன வேலை? மாதம் எவ்வளவு கிடைக்கிறது? எவ்வளவு கிடைத்தால் நிம்மதி?” கடையில் பொருள் விற்பவளாக, முதியோரைப் பேணுபவளாக, பகுதிநேரப் பணி செய்து படிக்கும் மாணவியாக அவள் இருக்கலாம். அவள் பெறுவதற்கும் வேண்டுவதற்கும் இடையேயுள்ள இடைவெளியை அவன் மனத்தில் குறித்துக்கொள்கிறான். கடன் இருக்கிறது என்று அவள் வாய்திறந்துவிட்டால், அவன் தேடியது கிடைத்துவிட்டது.

“இரவு வேலை முன்பு செய்தது உண்டா?” இல்லையென்றால் பேச்சு முதலில் மது பரிமாறும் கடையோடு நிற்கும். “உட்கார்ந்து பேசினால் போதும், தொடுவார் இல்லை” என்பான். உண்டு என்றால் வேறு கடைகளின் பெயர்கள் வரும்.

எல்லாவற்றிற்கும் கடைசியில் வருவது மிக மெல்லிய குரலில் கேட்கப்படும் கேள்வி. “வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமா?”

அன்புள்ள பெற்றோரே, இந்தக் கேள்வியைச் சற்று நின்று கவனியுங்கள். அவள் ‘ஆம்’ என்றதும் அவனிடம் ஆயத்தமான விடை இருக்கிறது. அவள் ஓர் அலுவலகத்தில் வேலை செய்வதாகச் சான்று தரவும், அவளைக் குறித்து எவரேனும் தொலைபேசியில் விசாரித்தால் ‘ஆம், இங்கேதான் பணிபுரிகிறார்’ என்று மறுமொழி கூறவும் கட்டணம் வாங்கிக்கொண்டு உதவும் போலி நிறுவனங்களே அந்நாட்டில் உண்டு. “ஒருவருக்கும் தெரியாது, நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறான் அவன். அந்தக் கணம் முதல் அவளுக்கும் அவள் வீட்டாருக்கும் நடுவே ஓர் இரகசியம் எழுகிறது. அதனைக் காப்பவன் அவன் ஒருவனே. நாளை துன்பம் நேர்ந்தால் வீட்டாரிடம் ஓடிவர அவளால் இயலாது. ஓடிவர வேண்டுமானால் முதலில் அந்த இரகசியத்தை உடைத்தாக வேண்டும். அவளை அடைத்துவைக்கப் பூட்டும் காவலும் தேவைப்படுவதில்லை.

கணக்கு ஏடு

கைப்பேசி எண்ணோ ‘லைன்’ செயலியின் முகவரியோ கிடைத்ததும் வீதியின் வேலை முடிகிறது. அவளது நிழற்படம், வயது, உயரம் ஆகியவை பல கடைகளுக்கு ஒரே நேரத்தில் அனுப்பப்படுகின்றன. நாளொன்றுக்கு இவ்வளவு தருவோம் என்று கடைகள் விலை கூறுகின்றன. அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தபின் அவனுக்குக் கூலி இரு வகையில் வரும். ஒரே தொகையாக வாங்கிக்கொள்வது ஒரு வகை. அவள் அங்கே வேலை செய்யும் நாளெல்லாம் அவளது சம்பாத்தியத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கடையிடமிருந்து பெற்றுக்கொண்டே இருப்பது மற்றொரு வகை. இதனை ‘ஸ்கௌட்டோ பாக்கு’ என்பர். தொகை கடையின் கையிலிருந்து செல்வதால் பெண்ணுக்கு அதன் அளவு தெரிவதில்லை. “சாப்பிட்டீர்களா? உடம்பு நலமா? இன்று வேலைக்குப் போனீர்களா?” என்று அவன் நாள்தோறும் விசாரிக்கும்போது, தன்மேல் அக்கறை கொண்டவன் ஒருவன் இருக்கிறான் என்று அவள் எண்ணுகிறாள். மூன்று கேள்விகளில் கடைசிக் கேள்வியே அவனுடைய வருமானம்.

இன்னொரு பாதையும் உண்டு. வேலையின் வெறுமையைப் போக்க அவள் ஹோஸ்ட் கிளப்புக்கு அழைத்துச் செல்லப்படுகிறாள். அங்கே ஓர் இளைஞன் காதல்மொழி பேசி, விலையுயர்ந்த மதுவைக் கடனாகவே வாங்கச் செய்கிறான். சில வாரங்களில் கடன் மலையாகிறது. அதைத் தீர்க்க, மேலும் கூலி தரும் கடைக்கு, அதாவது மேலும் இழிவான வேலைக்கு, அதே ஆள்பிடிப்பவன் அவளை மாற்றிவிடுகிறான். தொலைதூர மாநிலங்களுக்குச் சில வாரங்கள் அனுப்பிவைப்பதும் உண்டு. 2025 ஜனவரியில் டோக்கியோ காவல்துறை பிடித்த ஒரு கும்பலுக்கு நாடெங்கும் சுமார் 350 கடைகளுடன் தொடர்பு இருந்ததாகவும், ஐந்து ஆண்டுகளில் சுமார் 700 கோடி யென் அது ஈட்டியிருக்கும் என்று காவல்துறை கருதியதாகவும் செய்திகள் வெளிவந்தன. வீதியில் நிற்கும் இளைஞன் அத்தகைய பெரும் பொறியின் ஒரு பல். அவனும் பெரும்பாலும் படிப்பை இடையில் விட்டவன். கும்பலின் கட்டளைக்கு அஞ்சி வாழ்பவன். எங்கோ ஒரு தாய் பெற்ற மகன்.

பேட்டையின் நடுவே, கோமா நாடக அரங்கம் 1956 முதல் 2008 வரை இயங்கிய இடத்தில், 2015-இல் திறக்கப்பட்ட உயர்ந்த திரையரங்கக் கட்டடம் நிற்கிறது. அதன் மேலே காட்ஜில்லா என்னும் திரைப்பட மிருகத்தின் தலை எட்டிப் பார்க்கிறது. கட்டடத்தின் ஓரத்தில், வீட்டில் நிம்மதியின்றி வெளியேறிய சிறுவர் சிறுமியர் கூடி அமரத் தொடங்கியதால், அவர்களுக்கு அவ்விடத்தை ஒட்டியே ஒரு பெயரும் வந்துவிட்டது. வடக்கே சில நிமிட நடையில் ஓகுபோ பூங்கா. 2023-ஆம் ஆண்டில் அப்பூங்காவைச் சுற்றிய வீதிகளில் ஆடவரை அழைத்த குற்றத்திற்காக 140 பெண்கள் கைது செய்யப்பட்டனர். ஹோஸ்ட் கிளப் முதலிய இடங்களில் செலவிடும் பணத்திற்காகவே நின்றதாக அவர்களில் சுமார் நூற்றுக்கு நாற்பது பேர் கூறினர்.

சட்டம் சென்ற தூரம்

சட்டம் இல்லாமல் இல்லை. ஒழுக்கத்திற்குக் கேடான வேலைக்கு ஆள்சேர்ப்பதை 1947-ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டமே தண்டிக்கிறது. 1956-இல் இயற்றப்பட்டு 1958-இல் முழுமையாக நடைமுறைக்கு வந்த விபசாரத் தடைச் சட்டம், வீதியில் நின்று அழைக்கும் பெண்ணைத் தண்டித்தது. விலைகொடுத்து வாங்கும் ஆணுக்குத் தண்டனை வகுக்கவில்லை. இத்தகைய வேலைக்காக வீதியில் பெண்களை அணுகுவதையே டோக்கியோ மாநகரம் 2005-இல் தடைசெய்தது. துன்புறும் பெண்களைக் குற்றவாளிகளாக நோக்காமல் உதவிக்குரியவர்களாக நோக்கும் புதிய சட்டம் 2022-இல் நிறைவேறி, 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 மே மாதத்தில் திருத்தப்பட்டு ஜூன் 28 முதல் அமலான சட்டம், காதலைக் காட்டி மயக்கி மது வாங்கச் செய்வதையும், உடலை விலைபேசும் கடைகள் ஆள்பிடிப்போருக்குப் பங்கு கொடுப்பதையும் தடுத்தது.

இவை நல்ல சட்டங்கள். பங்கு கொடுப்பதைத் தடுத்தது தொழிலின் வேரில் வைத்த கோடரி. எனினும் வீதியில் கெடுபிடி மிகுந்தால் ஆள்பிடிப்போர் கைப்பேசித் திரைக்குள் புகுந்துகொள்கின்றனர். அங்கும் கேட்கப்படும் கேள்விகள் அவையே.

அதே வீதி, வேறு கேள்வி

ஓகுபோவைத் தாண்டிச் சென்றால் ஹியாகுனின்-சோ என்னும் பகுதி. புராட்டஸ்டண்டு சபைகளைச் சார்ந்த மகளிர் 1886-இல் யாஜிமா கஜிகோ அம்மையாரின் தலைமையில் தொடங்கிய கிறிஸ்தவ மாதர் சங்கத்தின் இல்லம் அங்கே அமைந்தது. விலைமகளிர் விடுதிகளிலிருந்து வெளியேறும் பெண்களுக்கு அடைக்கலம் தர 1894-இலேயே அச்சங்கத்தார் ஓர் இல்லம் நிறுவினர். அன்று பெண்களைத் தேடித் தரகர்கள் கிராமங்களுக்குச் சென்று, வறிய தந்தையின் கையில் முன்பணம் கொடுத்து மகளை அழைத்து வந்தனர். சங்கம் தன் நூற்றாண்டை எட்டிய 1986-இல், வேலை என்று நம்பி அயல்நாடுகளிலிருந்து வந்து ஏமாந்த பெண்களுக்கும் புகலிடமாக ஓர் இல்லத்தை அது திறந்தது. காலத்திற்கேற்பத் தரகர் மாறினர். ஆனால் அடைக்கலம் தேடுவோர் குறையவில்லை.

நம் காலத்தில், 2011-இல் நிதோ யுமெனோ என்னும் இளம்பெண் ‘கோலாபோ’ என்ற அமைப்பைத் தொடங்கினார். பதின்வயதில் வீட்டைவிட்டு வீதியில் திரிந்த அனுபவம் அவருக்கே உண்டு. 2018 முதல் அவ்வமைப்பினர் ஷின்ஜுகுவில் இரவில் ஒரு பேருந்தை நிறுத்தி, வீதியில் திரியும் சிறுமியருக்கு உணவும் உடையும் உட்கார ஓர் இடமும் இலவசமாகத் தந்தனர். வீதிகளில் நடந்து அவர்களே பெண்பிள்ளைகளிடம் சென்று பேசினர். அவ்வீதியில் இப்பிள்ளைகளிடம் முதலில் வந்து பேசுவோர் ஆள்பிடிப்போரே. நல்ல மனிதர்கள் பேசாமல் கடந்து போகிறார்கள் என்பதே அவர்கள் கண்ட உண்மை.

எண்ணிப் பாருங்கள். பேருந்தின் அருகே நின்ற பெண்ணும் கேட்டவை ஏறக்குறைய அவையே. சாப்பிட்டாயா? இன்றிரவு எங்கே உறங்குவாய்? பணத்திற்கு என்ன செய்கிறாய்? சொற்களில் வேறுபாடு காண்பது கடினம். ஒருவன் விடைகளைக் கொண்டுபோய் விலை பேசுகிறான். மற்றவர் விடையைக் கேட்டு ஒரு கிண்ணம் சூடான உணவை நீட்டுகிறார். களைத்து நிற்கும் பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு அந்த வேறுபாடு உடனே விளங்குவதில்லை. யார் முதலில் கேட்கிறார்களோ அவரிடமே அவள் மனத்தைத் திறக்கிறாள். அவளை எளிதில் ஏமாந்தவள் என்றோ பேராசைக்காரி என்றோ இகழ்வது நமக்குத் தகாது. கேட்பார் இல்லாதிருந்த ஒருத்தியிடம் ஒருவன் கேட்டான். அவள் விடை சொன்னாள்.

ஒரு கல்

நிலையத்திற்குத் திரும்புமுன், யாசுகுனி பெருஞ்சாலையிலேயே கிழக்கே சிறிது தூரம் நடந்தால் ஜோகாகு-ஜி என்னும் பௌத்த ஆலயத்தைக் காணலாம். ஷின்ஜுகு ஒரு காலத்தில் எதோ நகரிலிருந்து மேற்கே செல்லும் நெடுஞ்சாலையின் முதல் சத்திரமாக இருந்தது. ‘எதோ’ என்பது டோக்கியோவின் பழைய பெயர். சத்திரங்களில் ‘சோறு பரிமாறும் பெண்கள்’ என்ற பெயரில் அமர்த்தப்பட்டவர்கள் வழிப்போக்கருக்கு உடலையும் விற்க நேர்ந்தது. 1718-இல் மூடப்பட்ட சத்திரம் 1772-இல் மீண்டும் திறக்கப்பட்டபோது, அத்தகைய பெண்கள் 150 பேர் வரை இருக்கலாமென்று அரசே அனுமதித்தது. நோயுற்று மாண்டவர்களைக் கேட்பாரின்றி இவ்வாலயத்தில் கொண்டுவந்து புதைத்தனர்.

அவர்கள் நினைவாக 1860-இல் நாட்டப்பட்ட கல் ஒன்று அங்கே நிற்கிறது. நாட்டியவர்கள் வேறு யாருமல்லர். அப்பெண்களை வேலைக்கு வைத்துச் சம்பாதித்த சத்திரக்காரர்களே. அக்கல்லில் அப்பெண்களைக் குறிக்கப் பொறிக்கப்பட்ட சொல் ‘கொதொமோ’. ஜப்பானிய மொழியில் அதன் பொருள், குழந்தைகள். தம்மிடம் இருந்த பெண்களைச் சத்திரக்காரர்கள் அவ்வாறுதான் அழைத்தனர்.

அன்புள்ள பெற்றோரே, வேலைக்கோ படிப்பிற்கோ மகளை வெளியூர் அனுப்பியிருக்கும் வீடுகள் நம்மிடையே பல. பிள்ளையின் வாடகை, கடன், தனிமை ஆகியவற்றை நாம் கேட்டறிவது கண்காணிப்பதற்காக அன்று, துணைநிற்பதற்காக என்பதை அவள் உணரச் செய்வோம். தவறே செய்திருந்தாலும் இரவு எந்நேரமும் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசலாம், முதலில் வண்டிச்சத்தம் வரும், விசாரணை பிறகுதான் என்று இன்றே சொல்லி வைப்போம். “வீட்டாருக்குத் தெரிந்துவிடுமோ என்று பயமா?” என்று எவனேனும் ஒருநாள் அவளைக் கேட்டால், “இல்லை, இன்றிரவே நான் அம்மாவிடம் சொல்லிவிடுவேன்” என்று அவள் விடை கூற இயல வேண்டும். அந்த விடையைக் கேட்ட ஆள்பிடிப்பவன் அதற்குமேல் அவளுடன் ஓர் அடியும் நடக்கமாட்டான்.